சிவப்பு விளக்கு அணைந்த பிறகு

“‘ஒரே பானையில மூணு சோறு. மேல அரிசி, நடுவுல சோறு, அடியில கரி.’ என் மூஞ்சிக்கு நேரா சொல்லுதான்மா அந்தச் சுடலை! நேத்து வரைக்கும் ஜாக்கெட் தைச்சுக்கிட்டு இருந்துட்டு மடத்துக்கு வந்தவன், எனக்குச் சொல்லுதான்!”

கையில் பிடித்த கரண்டியை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார் குற்றாலிங்கம். எதிரே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார் உலகம்மை.

குற்றாலிங்கம் துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மன அமைதி வேண்டும் என்று இந்த மடத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் சமையல்கட்டுப் பொறுப்பை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். உலகம்மைக்கு வயது நாற்பத்திரண்டுதான். ஆனாலும் மடத்தில் அவர்தான் குரு.

“சுடலை சொன்னது பொய்யா?” என்று கேட்டார் உலகம்மை.

“பொய்யில்லை. சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்லா?”

“வீட்டுல நீங்க எந்த விதமாச் சொல்வீங்க?”

வீட்டில் குற்றாலிங்கம் சொல்லவே மாட்டார். ஒரு பருக்கை விறைத்திருந்தால் போதும், தட்டை ஒரே தள்ளு. சோறு தரையில் கிடக்கும், சாம்பார் சுவரில் வழியும். முப்பத்திரண்டு வருஷம் அந்தச் சுவரைத் துடைத்தவள் அவர் மனைவி செண்பகவல்லி.

அந்தச் செண்பகவல்லி இன்றைக்கு வந்திருக்கிறாள். பௌர்ணமி மத்தியானம் யார் வேண்டுமானாலும் மடத்தில் வந்து சாப்பிடலாம். இரண்டு வருஷத்தில் இதுதான் அவள் முதல் தடவை வருவது. கூடத்தில் தூணோரம் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் இவர் போய், “எப்ப வந்தே?” என்றார். “முட்டிவலி எப்படி இருக்கு?” என்றார். அவள் தூணைப் பார்த்தாள்.

அதை நினைத்ததும் மறுபடி ஏறியது அவருக்கு.

“சுடலை கிடக்கான், விடுங்க. எனக்கு இதுக்குப் பதில் சொல்லுங்கம்மா. நான் கோபத்தை விட்டு முழுசா ஒரு வருஷம் ஆச்சு!” என்று மடம் அதிரக் கத்தினார். “ஒரு தட்டைத் தள்ளலை, ஒரு டம்ளரை விட்டெறியலை. அவ இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கா. நான்தான் விட்டுட்டேனே, அவ ஏன் விட மாட்டேங்கா?”

“அரிசி வச்சாச்சா?”

“அம்மா, நான் கேட்டது...”

“மணி பன்னிரண்டு. வச்சாச்சா?”

இருவரும் அடுக்களைக்குப் போனார்கள். பக்தர் ஒருவர் வாங்கிக் கொடுத்த பெரிய எலக்ட்ரிக் குக்கர் மேடையில் இருந்தது.

“இதுதான் சனியன்,” என்றார் குற்றாலிங்கம். “வரும்போதே பழுது.”

உலகம்மை உள்பாத்திரத்தை வெளியே எடுத்தார். அடியில் சொட்டிய ஈரத்தைத் துணியால் துடைத்தார். உள்ளே மலை மாதிரி குவிந்து கிடந்த அரிசியை உள்ளங்கையால் நிரவினார். மறுபடி வைத்து, மூடி, சுவிட்சை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஐந்து நிமிஷம் ஆகவில்லை. குற்றாலிங்கம் மூடியைத் தூக்கினார். ஆவி அடித்து அவர் மூக்குக்கண்ணாடி மங்கியது.

“என்ன பார்க்கீங்க?”

“வேகுதான்னு.”

“நீங்க பார்த்தாத்தான் வேகுமோ?”

“என் சர்வீஸ்ல நான் பார்க்காம ஒரு ஃபைல் நகர்ந்ததில்லை.”

“ஃபைலுக்கு ஆவி கிடையாது. இப்படி நாலு தடவை திறப்பீங்க. மேல இருக்கிறது அரிசியாவே நிக்கும். பயந்து போய்த் தண்ணி ஊத்துவீங்க. சுவிட்சு மேல வந்தா மறுபடி அமுக்குவீங்க. அடி கரியும்.”

தினமும் அவர் செய்வது அப்படியே அதுதான்.

“யாரு கோள் சொன்னது? சுடலையா?”

“உங்க சோறு சொல்லிச்சு.”

மூடிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார் உலகம்மை. குற்றாலிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விசாரணைக்கு நிறுத்திவைத்த குமாஸ்தா மாதிரி பொருமிக்கொண்டு நின்றார். கூடத்தில் தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. இந்தச் சோறு செண்பகவல்லியின் தட்டுக்குப் போக வேண்டிய சோறு. அதுவும் விறைத்திருந்தால்?

டக்கென்று சுவிட்சு மேலே வந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது.

உலகம்மை முக்காலியோடு நகர்ந்து வழி விட்டார். குற்றாலிங்கம் பாய்ந்து வெறுங்கையால் மூடியைப் பிடித்தார்.

“ஐயோ!”

தூக்கின மூடி தூக்கின இடத்திலேயே விழுந்தது. விரலை உதறிக்கொண்டு கத்தினார்.

“அதான் அணைஞ்சிருச்சே!”

“விளக்கு அணைஞ்சது வெளியில, தாசில்தாரே.”

குற்றாலிங்கம் குக்கரைப் பார்த்தார். உள்ளே இன்னும் லேசாகக் கொதிக்கிற சத்தம் கேட்டது. முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எவ்வளவு நேரம் ஆகும்மா?”

“சோத்துக்குப் பத்து நிமிஷம்.”

மற்றதை அவர் கேட்கவில்லை.

பத்து நிமிஷமும் அவர் மூடியைத் தொடவில்லை. பிறகு உலகம்மை சொன்னபடி கரண்டியை ஓரத்தில் விட்டு, அடியிலிருந்து மெல்லக் கிளறிவிட்டார். மேலே இருந்ததும் அடியில் இருந்ததும் ஒன்றுபோல் வெந்திருந்தது.

கூடத்தில் வரிசையாகப் பரிமாறிக்கொண்டு போனார். சுடலை ஒரு வாய் போட்டுப் பார்த்தான்.

“என்ன தாசில்தாரே, மூணுல ரெண்டு சோத்தைக் காணோம்?”

வேறு நாளாக இருந்தால் கரண்டியை ஆட்டிக் கத்தியிருப்பார். குற்றாலிங்கம் அவனைத் தாண்டிப் போனார். தூணோரம் நின்று, செண்பகவல்லியின் தட்டில் இரண்டு கரண்டி சோறு வைத்தார்.

அவள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

“சாப்பிடு.”

அவள் தூணைப் பார்த்தாள். சுர்ரென்று அவருக்குக் கோபம் ஏறியது. கை தானாகத் தட்டை நோக்கிப் போனது. விளிம்பில் பட்டதும் சூடுபட்ட விரல் சுரீரென்றது.

சுடலை மெல்லுவதை நிறுத்தினான்.

குற்றாலிங்கம் கையை எடுத்துக்கொண்டார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே, சுவரோடு சுவராகத் தரையில் உட்கார்ந்தார்.

“சரியில்லைன்னா தட்டைத் தள்ளிரு, செண்பகம்.”