அரிக்கும் தோள்

"இந்த விளையாட்டுல நியாயமே இல்ல, கோச்" என்றாள் வடிவழகி.

பேஸ்பால் பயிற்சியாளர் ஜெசிந்தா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது இருபத்தைந்து. அணிக்குப் பந்து எறியும் வடிவழகிக்கு முப்பத்துநாலு. சிஷ்யை தன்னைவிட மூத்தவள் என்பதால் ஜெசிந்தா அவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். மற்றபடி சலுகை எதுவும் கிடையாது.

"பேஸ்ல நிக்கிற எதிரணிக்காரி ஓடுற மாதிரி பாவ்லா காட்டலாம், டான்ஸே ஆடலாம். நான் பந்து எறியுற பலகைல கால வச்சுட்டுத் தோளை ஆட்டி, எறியாம விட்டா 'பால்க்'னு கத்துறாங்க. அவ சும்மாவே அடுத்த பேஸுக்குப் போயிர்றா. அவ ஏமாத்தலாம், நான் ஏமாத்தக் கூடாதா?"

"கூடாது."

"ஏன்?"

ஜெசிந்தா இன்னொரு கடலையை உடைத்தாள்.

வடிவழகியையும் குறை சொல்ல முடியாது. பத்து வருஷம் மாவட்டக் கபடி அணியில் பாடிப் போனவள். வலது தோளை ஒரு ஆட்டு ஆட்டினால் எதிரணி மொத்தமும் அந்தப் பக்கம் சாயும். இவள் இந்தப் பக்கம் தொட்டுவிட்டு வந்துவிடுவாள். அப்படிப்பட்ட தோளிடம் போய் விதிப்புத்தகத்தை யார் வாசித்துக் காட்டுவது?

இதுவரை மூன்று பால்க். மூன்றாவதில் ஒரு ஆட்டமே போயிற்று. இறுதி ஆட்டத்தில் இன்னொன்று நடந்தால் அணியில் இடமில்லை என்று செயலாளர் சொல்லிவிட்டார்.

ஜெசிந்தா எழுந்தாள். சுண்ணாம்புத் தூளை அள்ளித் தரையில் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிப்போய் நின்றாள்.

"பாடி வாங்கக்கா."

"என்னது?"

"கபடி. என்னையத் தொட்டுட்டுத் திரும்பிப் போங்க."

வடிவழகிக்குச் சிரிப்பு வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"கபடி கபடி கபடி..."

தோளை ஆட்டினாள். காலை நீட்டி இழுத்தாள். இடம் போவது போல வலம் போனாள்.

ஜெசிந்தா அசையவில்லை. கடலைப் பொட்டலம்கூட இடது கையில் அப்படியே இருந்தது.

அசையாதவளை எந்தப் பக்கம் சாய்ப்பது? பாட்டு தேய்ந்தது. வேறு வழியில்லாமல் வடிவழகி பாய்ந்து கையை நீட்டினாள். மணிக்கட்டில் பிடி விழுந்தது. உதறிப் பார்த்தாள். அதற்குள் மூச்சு போய்விட்டது.

"நான் எத்தனை தடவ ஏமாத்துனேன்?" என்றாள் ஜெசிந்தா.

"ஒரு தடவகூட இல்ல."

ஜெசிந்தா மறுபடி உட்கார்ந்து கடலை உரித்தாள்.

வடிவழகிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேஸ்பாலைப் பற்றிக் கேட்டால் தனக்கே கபடி சொல்லிக்கொடுக்கிறாளே இந்தப் பெண்!

இறுதி ஆட்டம் வந்தது.

கடைசிச் சுற்று. நாலுக்கு மூன்று என்று வடிவழகியின் அணி முன்னிலை. இன்னும் ஒரே ஒரு அவுட் வேண்டும். மூன்றாம் பேஸில் எதிரணியின் மதிவதனி நின்றாள். அவள் கடைசி பேஸான ஹோமுக்கு வந்தால் ஆட்டம் சமன். ஒரு பால்க் போதும், அவள் நடந்தே வந்துவிடுவாள்.

வடிவழகி பலகையில் கால் வைத்தாள். பந்தை மார்போடு பிடித்தாள்.

எதிரே மதிவதனி பேஸை விட்டு இரண்டடி வந்தாள். மூன்றாவது அடி. ஓடுவது போலக் குனிந்தாள். சட்டென்று பின்வாங்கினாள்.

வடிவழகிக்குத் தோள் அரித்தது. என்னமாய் அரித்தது!

மதிவதனியின் உதடுகள் இறுக மூடியிருந்தன. மார்பு ஏறி இறங்கவில்லை. அதைப் பார்த்ததும் வடிவழகிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

அடிப்பாவி, நீயா பாடி வர்றவ?

தோள் அடங்கிவிட்டது.

வடிவழகி நின்றாள். மைதானம் கத்தியது. நின்றாள். மதிவதனி நாலாவது அடி வைத்தாள். ஐந்தாவது அடிக்குக் காலைத் தூக்கினாள்.

வடிவழகியின் இடது கால் மூன்றாம் பேஸை நோக்கி நேராக இறங்கியது. கூடவே பந்தும் போனது; பாவ்லா இல்லை, அதனால் பால்க்கும் இல்லை. மதிவதனி திரும்பிப் பாய்ந்தாள். அவள் கை பேஸைத் தொடுவதற்குள், அங்கே காவல் நின்றவளின் கையுறை பந்தோடு அவள் தோளைத் தொட்டுவிட்டது.

"அவுட்!"

அறுபத்தெட்டுக் கிலோ வடிவழகியை மூன்று முறை தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். செயலாளரும் ஒரு கை கொடுத்தார். அவள் மேலே போகும்போது அழுதாள், கீழே வரும்போது சிரித்தாள். ஜெயித்த சந்தோஷம் அப்படி.

இறக்கிவிட்டதும் மதிவதனி வந்து கை குலுக்கினாள்.

"நீங்க எப்படியும் தோளை ஆட்டிருவீங்க, சும்மாவே ஹோமுக்கு வந்துரலாம்னு எங்க கோச் சொன்னாங்கக்கா. எப்ப ஆட்டுவீங்க, எப்ப ஆட்டுவீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

"எவ்வளவு நேரம் பாத்த?"

"மூச்சு முட்டிருச்சுக்கா."