மாணிக்கபுரியில் கிடைத்த மச்சான்

ஊருக்கு ஒரு ராஜா என்று ராஜாக்கள் மலிந்து கிடந்த காலம் அது. அப்போது விருத்தகிரி என்று ஒரு புளி வியாபாரி இருந்தார், கேளுங்கள். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்திலேயே கிடையாது. இதை அவரே சொன்னார். ஆகையால் ஊரும் நம்பியது.

அவர் தங்கை கணவனை இழந்தவள். அவளிடம் மிஞ்சிய சொத்து ஒரே ஒரு காசுமாலை. மகள் கல்யாணத்துக்கு அதைத்தான் போடவேண்டும். போடாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் பந்தல் பக்கமே வரமாட்டார்கள். மாலையின் கொக்கி விட்டுப்போயிருந்தது.

"அண்ணே, மாணிக்கபுரி ஆசாரிகிட்ட குடுத்துச் சரிபண்ணிட்டு வந்துடுங்க. பத்திரம்" என்றாள்.

"பத்திரமா? எங்கிட்டயா சொல்ற?" என்று சிரித்தார் விருத்தகிரி.

மனைவி வடிவாம்பாளோடு பட்டணம் போனார். கொக்கி சரியானது. அப்படியே திரும்பியிருந்தால் எனக்குச் சொல்லக் கதை இல்லை. பட்டணம் வரை வந்துவிட்டு யானைக்கொட்டாரம் பார்க்காமல், தெப்பக்குளம் பார்க்காமல், ராஜவீதி பார்க்காமல் போனால் ஊரில் மதிப்பார்களா? மாலையைத் துணிமூட்டைக்குள் சுருட்டி, மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

யானைக்கொட்டாரத்து வாசலில் ஒருவன் அவர் தோளில் மோரைக் கொட்டினான். "ஐயையோ, மன்னிச்சுக்குங்க, தொடச்சு விடறேன்" என்று நெருங்கினான். ஒரு கை தோளுக்கு வந்தது, இன்னொரு கை மூட்டைக்கு வந்தது. விருத்தகிரி சட்டென்று விலகினார். "போடா, உன்ன மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்" என்றார்.

தெப்பக்குளத்துப் படியில் ஒரு சாமியார் உட்கார்ந்திருந்தார். "மூட்டையில தோஷம் இருக்கு மகனே. இறக்கி வை, மந்திரிச்சுத் தர்றேன்" என்றார். "தோஷம் எங்கிட்டயே இருக்கட்டும் சாமி" என்று விருத்தகிரி நடையைக் கட்டினார். இரண்டு பேரை ஜெயித்தாயிற்று. இனி அவரைப் பிடிக்க முடியுமா? மனைவியிடம் வழி நெடுக அதே பேச்சுதான்.

ராஜவீதியில் மூன்றாமவன் வந்தான். தோளில் பட்டு, நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய சிரிப்பு. அவன் மோரும் கொட்டவில்லை, மந்திரமும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டான்.

"என்னங்க, என்னைத் தெரியலையா?"

தீர்ந்தது. நம் ஜனங்களிடம் ஓர் உயர்ந்த குணம் உண்டு. ஒருவனை முகத்துக்கு நேரே முட்டாள் என்று சொல்லிவிடுவோம். 'உங்களைத் தெரியவில்லை' என்று மட்டும் சொல்லமாட்டோம். மரியாதைக் குறைவாம்.

"தெரியாம என்ன? நீங்க... பூவலூர் மாமா பையன்தானே?" என்றார் விருத்தகிரி.

"அவனேதான்."

"பேரு கூட... கனகசபை?"

"பின்னே வேற யாரு மச்சான்?"

"மாமாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு" என்று மனம் நொந்து சொன்னான் கனகசபை. பாவம், அந்த நொடியில் கிடைத்த அப்பா மேல் அவனுக்கு அவ்வளவு பாசம்.

"ஏங்க, எனக்கு இவரைத் தெரியலையே" என்றாள் வடிவாம்பாள்.

"என் சொந்தத்துல உனக்கு யாரைத்தான் தெரியும்? பேசாம வா."

மச்சான் ஆற்றங்கரைக்கு அழைத்துப்போனான். வடிவாம்பாள் பெண்கள் துறைக்குப் போனதும், "நீங்களும் ஒரு முழுக்குப் போட்டுட்டு வாங்க. மூட்டை எங்கிட்ட இருக்கட்டும்" என்றான். விருத்தகிரி கொடுத்தார். கொடுத்தது போதாதென்று, "உள்ள காசுமாலை இருக்கு, பத்திரம்" என்று விவரமும் சொல்லிவிட்டு இறங்கினார்.

முங்கி எழுந்தபோது மூட்டையும் இல்லை, மச்சானும் இல்லை.

ஈரத்துணியோடு படியில் உட்கார்ந்து அழுதார். "தங்கச்சி முகத்துல எப்படி முழிப்பேன்? அந்தப் பொண்ணு கல்யாணம் நின்னுடுமே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த அழுகையைக் கேலி செய்ய எனக்கே மனம் வரவில்லை.

வடிவாம்பாள் அவரைக் காவல்சாவடிக்கு இழுத்துப்போனாள். "திருடன் பேரு என்ன?" என்று கேட்டார் காவலர்.

"கனகசபைங்க."

"உனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"என் மாமா பையன்."

காவலர் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். "மாமா பையன் எடுத்தா அது திருட்டு இல்லய்யா, குடும்பத் தகராறு. ஊர்ல போய்ப் பேசித் தீத்துக்குங்க" என்றார். தெரியாதவனைத் தெரியும் என்று சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போதும் விருத்தகிரிக்கு வெட்கம் விடவில்லை.

"ஐயா, அவன் எங்க சொந்தமே இல்லைன்னு நான் காட்டினா வருவீங்களா?" என்றாள் வடிவாம்பாள். காவலர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்.

நேரே ராஜவீதிக்குப் போனாள். புதிதாக வருகிறவர்கள் வாயைப் பிளந்து நிற்கும் இடம் அதுதானே. அன்று நல்ல வியாபாரம் என்பதால் கனகசபைக்கு வீட்டுக்குப் போக மனமில்லை. தோளில் இவர்கள் மூட்டை. பக்கத்தில் குடை பிடித்த பெரியவர் ஒருவர், அவரும் வெளியூர்.

"கனகசபை அண்ணே, என்னைத் தெரியலையா?" என்றாள் வடிவாம்பாள்.

"கனகசபையா? இவர் எங்க சம்பந்தி சிங்காரமாச்சே" என்றார் பெரியவர்.

"ரெண்டும் இல்லீங்க. இவர் என் பெரியப்பா மகன் தாண்டவராயன். நேத்து என் சொம்பை வாங்கிட்டுப் போனவரு" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

காவலர் முன்னால் வந்தார். ஈட்டியைக் கண்டதும் கனகசபைக்கு வேர்த்தது. "ஐயா, சத்தியமா இவங்க யாரையுமே எனக்குத் தெரியாதுங்க" என்றான். அன்றைக்கு ராஜவீதியில் அவன் பேசிய முதல் உண்மை அதுதான்.

"அப்போ தெரியாதவங்க மூட்டை உன் தோள்ல எப்படி வந்துச்சு?" என்றார் காவலர்.

மூட்டையை அவிழ்த்தார்கள். காசுமாலை இருந்தது. அடுத்த முகூர்த்தத்தில் அது தங்கை மகள் கழுத்தில் ஏறியது. பந்தலில் விருத்தகிரி எல்லோரிடமும் திருடன் பிடிபட்ட கதையைச் சொன்னார். அதில் பிடித்தவர் அவர்தான். வடிவாம்பாள் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

ஆகவே வெளியூர் பார்க்கப் போகிறவர்களே, தெரியாதவனைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவன் தன் பொருளைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டு வருவான்.