நிற்பதற்கு முன்னால்

“மாட்டிவிட்டவள் நீதானே, நீயே வந்து கழட்டிவிடு. எனக்கு எழுந்திருக்க வராது.”

இதைச் சொன்னபோது வசுமதி காரமடை ரோட்டோரத்தில் ஒரு வேகத்தடையின் மேல் பக்கவாட்டில் கிடந்தாள். இரண்டு பாதங்களும் சைக்கிள் பெடலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கத்து பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், ஓடிப்போய்த் தூக்கலாமா, தூக்கினால் அந்தம்மா அதற்கும் சேர்த்துத் திட்டுமா என்று யோசித்தபடி டம்ளரும் கையுமாக நின்றார்கள். முந்தாநாள் தூக்கப் போனவர் வாங்கிக் கட்டிக்கொண்டது அவர்களுக்குத் தெரியும்.

கோதை தன் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்து குனிந்தாள். தூக்கவில்லை.

“குதிகாலை வெளிப்பக்கமாத் திருப்புங்க அண்ணி.”

“திருப்பினேன்.”

“இழுத்தீங்க.”

“இழுக்கறதுக்கும் திருப்பறதுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்?”

வசுமதி பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலைத் திருப்பினாள். டக்கென்று ஒரு சத்தம். கால் விட்டது. அவ்வளவு லேசாக விட்டதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பத்தாறு, சிஷ்யைக்கு ஐம்பத்திரண்டு. குரு, சிஷ்யையின் நாத்தனார். நாத்தனார் காலடியில் விழுந்து வித்தை கற்க எந்த அண்ணிக்கும் மனசு வராது. வசுமதி நிஜமாகவே விழுந்து விழுந்துதான் கற்றுக்கொண்டிருந்தாள்.

வித்தை இதுதான். சைக்கிளுக்கென்றே விற்கிற அந்த ஷூவின் அடியில் ஒரு பட்டை இருக்கிறது. மிதித்தால் பெடலுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். பிறகு காலும் சைக்கிளும் ஒன்று. மேலே இழுத்தால் வராது, குதிகாலை வெளியே திருப்பினால்தான் விடும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வசுமதி இதை அழகாகச் செய்வாள். ரோட்டில் ஆடு வந்தால், பஸ் நின்றால், எவனாவது குறுக்கே வந்தால், முதலில் அவனைத் திட்டுவாள், அப்புறம் பிரேக் பிடிப்பாள், சைக்கிள் நின்ற பிறகு கால் ஞாபகம் வரும். அதற்குள் வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

சாதாரணப் பெடல் மாட்டித் தரச் சொல்கிறேன் என்று அவள் கணவர் சிதம்பரநாதன் களிம்பு தடவிக்கொண்டே சொன்னார். கோதையும் சொன்னாள். வசுமதி கேட்கவில்லை. கான்வென்ட்டில் படிக்கும்போது சைக்கிளில் கையை விட்டு ஓட்டி, சிஸ்டரிடம் பிரம்படி வாங்கியவள் தான் என்றும், நாத்தனார் ஒரு பெடல், அண்ணி ஒரு பெடல் என்று ஊர் பார்க்கப் போவது தனக்கு மானக்கேடு என்றும் சொன்னாள். உண்மையான காரணம் வேறு. பூட்டுப் பெடல் இல்லாமல் எதிர்க்காற்றில் கோதைக்கு ஈடு கொடுக்க முடியாது. இந்த ஒரு தடவையாவது அவள் பின்னால் விழாமல், பக்கத்தில் போக வேண்டும்.

ஏனென்றால் கோதை ஞாயிற்றுக்கிழமை போகிறாள். கோத்தகிரியில் ஒரு ரெசிடென்ஷியல் பள்ளியில் விளையாட்டு டீச்சர் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். சாமானெல்லாம் வேனில் போகும். தான் மட்டும் சைக்கிளில் மலையேறிப் போவதாகச் சொல்லிவிட்டாள். அடிவாரம் வரை நானும் சைக்கிளில் வந்து வழியனுப்புவேன் என்று வசுமதி அந்த நிமிஷமே சொன்னாள். யோசித்துச் சொல்லும் வழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது.

கல்யாணம் முறிந்து ஒரு பெட்டியோடு கோதை வந்து நின்ற அன்றும் அப்படித்தான். “நாலு நாள் இருந்துட்டுப் போ” என்று வாசலில் வைத்தே சொன்னாள். அந்த நாலு நாள் வருஷக்கணக்காக நீண்டது. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை போட எத்தனையோ விஷயம் இருந்தது: கேஸ் அடுப்பை யார் அணைக்காமல் விட்டது, பால் பொங்கியது யாரால், டி.வி. ரிமோட் எங்கே.

இப்போது போகிற விதம்தான் வசுமதிக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாதமாகக் கோதை தினமும் ஏதாவது ஒன்றை அறையிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். கப்புகள், மெடல்கள், ஜன்னல் திரை, கட்டிலுக்கடியில் கிடந்த பழைய ஸ்கிப்பிங் கயிறு. போகிறவள் ஒரேயடியாகப் போகாமல் இப்படி ஒவ்வொன்றாக உருவுவது, மரத்துப்போகாத வாயில் பல் பிடுங்குவது மாதிரி இருக்கிறது என்று சிதம்பரநாதனிடம் புலம்பினாள். அவர் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

வேகத்தடையில் விழுந்த அன்று வீட்டுக்குத் திரும்பும்போது இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள்.

“எல்லாம் தெரியுது, அந்த நேரத்துக்கு மட்டும் கை கொடுக்க மாட்டேங்குது. எப்போ கழட்டணும்னு ஒரே வார்த்தையில சொல்லு.”

கோதை தெருக்கோடி வரை யோசித்தாள். “காலையில சொல்றனுங்க” என்றாள்.

மறுநாள் காலை வசுமதி வீடு துடைத்து முடித்து, தோசைக்கல்லைப் போட்டிருந்தாள். ராத்திரி மழை. வெளியே செம்மண் சேறு. ஹாலிலிருந்து டக், டக் என்று குதிரை நடப்பது போலச் சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தாள். கோதை சைக்கிள் ஷூவைப் போட்டுக்கொண்டு, ஈரம் காயாத தரையில் ஹாலைத் தாண்டி, சாமி அலமாரியைத் தாண்டி, நேராக அடுப்படிக்குள் வந்து நின்றாள். நடந்த வழியெல்லாம் செம்மண்.

வசுமதி தோசைத் திருப்பியை ஓங்கினாள். ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தானா என்று ஆரம்பித்து, அந்த ஷூவைத் தைத்தவன் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. கோதை கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். மூச்சு வாங்க அண்ணி நிறுத்தியபோது பேசினாள்.

“எப்போ கழட்டியிருக்கணுங்க அண்ணி?”

“வாசப்படி ஏறுறதுக்கு முன்னாடி. இது ஒரு கேள்வியா?”

“இப்போ இங்கேயே கழட்டிடட்டுமா?”

“இங்கே கழட்டினா என்ன, கழட்டாட்டி என்ன? சேறுதான் உள்ளே வந்தாச்சே.”

கோதை தலையை ஆட்டினாள். வந்த வழியே டக், டக் என்று திரும்பிப் போய், வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். பிறகு துணியை நனைத்துக்கொண்டு வந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அடுப்பில் தோசை கருகியது. வசுமதி திருப்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அன்று சாயங்காலம் வேகத்தடை வருவதற்கு வெகு முன்னால், புளியமரத்தடியிலேயே அவள் இடது குதிகால் திரும்பியது. டக். சைக்கிள் நின்றபோது கால் தரையில் இருந்தது. பேக்கரிக்காரர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவர்கள் டீயைக் குடித்தார்கள்.

“இன்னைக்கு விழலை” என்றாள், கோதைக்குக் கண் தெரியாது என்பது போல.

“ம்” என்றாள் கோதை. அவள் கால் அதற்கு முந்திய மரத்திலேயே விடுபட்டிருந்தது. எப்போதும் அப்படித்தான். எங்கே நிற்க வேண்டியிருக்கும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். சிதம்பரநாதன் வாசலில் நின்று தங்கைக்குக் கையைக் காட்டிவிட்டு, சட்டென்று ஏதோ வேலை ஞாபகம் வந்தவர்போல் உள்ளே போய்விட்டார். எதிர்க்காற்று இருந்தது. வசுமதி பின்னால் விழவில்லை. வழி நெடுக அவள்தான் பேசினாள். மாங்காய் ஊறுகாய் எந்தப் பெட்டியில் இருக்கிறது, அதில் ஈரக் கரண்டி போட்டால் என்ன ஆகும், கோத்தகிரிக் குளிருக்குத் தேங்காயெண்ணெய் உறைந்தால் வெயிலில் வைக்க வேண்டும், அடுப்பில் வைக்கக் கூடாது. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நின்றார்கள், மார்க்கெட் லாரிகளுக்காக நின்றார்கள். ஒவ்வொரு தடவையும் கோதையின் டக் முதலில் கேட்டது, வசுமதியின் டக் அடுத்துக் கேட்டது. இரண்டு சத்தத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

பவானிப் பாலம் தாண்டியதும் வசுமதி மாங்காய் ஊறுகாயை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மலை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் லாரிகள் திரும்புவதற்காக விட்ட காலியிடம். அதைத் தூரத்தில் பார்த்தபோதே வசுமதி குதிகாலைத் திருப்பிவிட்டாள். ஒரு சத்தம் மட்டும்தான் கேட்டது. காலை ஊன்றி, ஆடாமல் அசையாமல், புகைப்படத்துக்கு நிற்பவள்போல நின்றாள். குரு பார்த்தாளா என்று திரும்பினாள்.

குரு நிற்கவில்லை. காலியிடத்தில் மெதுவாக வட்டமடித்துக்கொண்டிருந்தாள்.

“இறங்கு. தண்ணி குடிச்சிட்டுப் போ.”

கோதை அவளைச் சுற்றி வந்தாள். இரண்டு கால்களும் பெடலில் பூட்டியே இருந்தன.

“எப்பவும் எனக்கு முன்னாடி கழட்டுறவ, இன்னைக்கு என்ன வந்தது?”

இன்னொரு வட்டம். வசுமதிக்குக் கழுத்து வலித்தது. கோபமும் வந்தது. அதனால் சொல்லக் கூடாதென்று ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள்.

“நீதான் அந்த வீட்டை ஒரு மாசத்துக்கு முன்னாடியே கழட்டி வெச்சிட்டியே. இப்போ நின்னா உனக்கு என்ன குறைஞ்சிடும்?”

கோதையின் சைக்கிள் கொஞ்சம் தடுமாறி நேரானது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“சாமானைத்தானுங்க எடுத்தேன் அண்ணி. கால் இன்னும் கழட்டலை. நின்னா விழுந்துடுவேன்.”

வட்டத்தை முடிக்காமலேயே சாவடியைத் தாண்டி மேட்டில் ஏறினாள்.

வசுமதியின் ஒரு கால் தரையில் இருந்தது, இன்னொன்று பெடலில். பாக்குத் தோப்புக்கு மேலே அந்த மஞ்சள் ஹெல்மெட் சின்னதாகிக்கொண்டே போயிற்று. கீழே இறங்கிவந்த பஸ் ஒன்று அதை மறைத்தது. பஸ் நகர்ந்தபோது வளைவு மட்டும்தான் இருந்தது.

“அங்கே போயும் அந்தக் காலைக் கழட்டிடாதே, கோதை. என்ன?”