மந்தாரை இலைச் சீட்டு

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய் என்றாலும், இனி நான் ஏறுகிற பேருந்தில் எல்லாம் எனக்கு உட்கார இடம் கிடைக்காமல் போகட்டும். கிடைத்தாலும் அது கடைசி வரிசையில், சக்கரத்துக்கு நேர் மேலே அமையட்டும். இந்த வயதில், இந்த இடுப்பை வைத்துக்கொண்டு, இதைவிடப் பெரிய சத்தியம் என்னால் செய்ய முடியாது. நம்பாதவர்கள் ஒரு மந்தாரை இலையைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்தக் காலத்தில், எருமையும் குருவியும் ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, மந்தாரை இலை வெற்றிலை மாதிரி முழுசாக இருந்தது. இப்போது போல நடுவில் பிளவு கிடையாது. அந்த இலைதான் அன்றைக்குப் பயணச்சீட்டு.

தூரம் போக வேண்டிய சின்ன உயிர்கள் எல்லாம் மாட்டின் முதுகில் ஏறித்தான் போயின. ஆலமரத்தடியிலிருந்து மூணு பனை வரைக்கும் ஒரு எருமை. மூணு பனையில் இறங்கி மாறினால், அங்கிருந்து சித்தேரி வரைக்கும் ஒரு செவலைக் காளை. எருமைக்குக் கண்டக்டர் கரிச்சான் குருவி. பெயர் துரைக்கண்ணு. நல்ல விசில்காரன். கோபமே வராது, எதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற ரகம். காளைக்குக் கண்டக்டர் மைனா. பெயர் மாசிலாமணி. கண்ணைச் சுற்றி மஞ்சள் கரை போட்டுக்கொண்டு, ஒரு சீட்டை மூன்று தரம் பார்ப்பான்.

கட்டணம் ரொக்கம்தான். சின்னக் காசு குன்றிமணி. நாலு குன்றிமணி சேர்ந்தால் ஒரு புளியங்கொட்டை. ஆலமரத்தடியில் ஏறி சித்தேரி வரை போகிறவர், மூன்று குன்றிமணியை எருமையிலேயே கொடுத்துவிடலாம். கண்டக்டர் மந்தாரை இலையை நுனியிலிருந்து பாதி வரைக்கும் கிழித்துக் கொடுப்பார். அதற்கு மாத்துச் சீட்டு என்று பெயர். கிழிந்த பாதி வந்த வழிக்கு, கிழியாத பாதி போகிற வழிக்கு. மூணு பனையில் அதைக் காட்டினால் காளையில் காசில்லாமல் ஏறிக்கொள்ளலாம். பயணம் முடிந்து இறங்கும்போது அந்தக் கண்டக்டர் அலகால் இலையில் ஒரு ஓட்டை போடுவார். ஓட்டை விழுந்துவிட்டால் அது செத்த சீட்டு.

இதில் துரைக்கண்ணுவுக்கு மட்டும் ஒரு சொந்தப் பழக்கம் இருந்தது. சில்லறை இல்லாதபோது, இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, ஞாபகத்துக்காக இலையின் காம்புப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை போட்டுவிடுவான். தினமும் அந்த எருமையில் போகிறவர்களுக்கு அது பாக்கிக் குறி என்று தெரியும். மற்ற மாட்டுக் கண்டக்டர்களுக்குத் தெரியாது. சொல்லி வைக்க வேண்டும் என்று துரைக்கண்ணு பல நாள் நினைத்ததுண்டு. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவான்.

ஒரு நாள் மத்தியானம் அந்த எருமையில் பூங்காவனம் ஏறினாள். நெட்டைக் கால், அலகுக்கு மேலே சிவப்புச் சதை, வெள்ளை வயிறு. அவளுடைய குலத்துக்கு இன்று நாம் வைத்திருக்கிற பெயர் அன்றைக்கு இல்லை. சித்தேரியின் காய்ந்த தரையில், வெறும் மண்ணில் அவள் குடித்தனம். புருஷனைப் பருந்து கொண்டு போய்விட்டது. பொரிந்து இரண்டே நாளான நாலு குஞ்சுகள். போதாததற்கு இறக்கையில் கருவேல முள் ஏறிப் பறக்க முடியாமல், காலையில் முதல் காளையைப் பிடித்து, ஆலமரத்தடி நாரை வைத்தியரிடம் வந்திருந்தாள். அவர் முள்ளை எடுத்து, வாழைநாரால் கட்டுப் போட்டு, பத்து நாள் பறக்கக் கூடாது என்றார். கையிலிருந்ததில் ஒரு புளியங்கொட்டையை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு மற்றதை வாங்கிக்கொண்டார்.

அந்தக் குலத்துப் பிள்ளைகளுக்கு முதல் பாடம் ஒன்றுதான். அம்மா "படு" என்றால் மண்ணோடு மண்ணாகப் படுத்துவிட வேண்டும். அம்மாவே வந்து "எழுந்திரு" என்று சொல்கிற வரைக்கும் நரி மிதித்தாலும் அசையக் கூடாது. காலையில் கிளம்பும்போது பூங்காவனம் "படு" என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

புளியங்கொட்டையை நீட்டினாள். துரைக்கண்ணு இறக்கைக்கு அடியில் துழாவிப் பார்த்தான். மாற்ற சில்லறை இல்லை. இலையைப் பாதி கிழித்து, காம்போரம் ஒரு ஓட்டையும் போட்டு, "ஒரு குன்றிமணி தரணும். இறங்கும்போது கேளும்மா" என்றான். அவள் சரி என்று இலையைக் கட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

எருமையின் பிட்டத்துப் பக்கம் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. அது எல்லோரிடமும் சந்தோஷமாக ஒரு சேதி சொல்லிக்கொண்டு வந்தது. மலையில் மூன்று நாளாக நல்ல மழையாம். வெள்ளம் கால்வாயில் இறங்கிவிட்டதாம். பொழுது சாய்வதற்குள் சித்தேரி நிரம்பிவிடுமாம். அதற்காகத்தான் குடும்பத்தோடு குடிபெயர்கிறதாம்.

பூங்காவனம் அதை இரண்டாம் தரம் கேட்டாள். தவளை இன்னும் சந்தோஷமாக இரண்டாம் தரமும் சொன்னது.

பாதி வழியில் ஒரு குட்டை வந்தது. எருமை ஒரு வார்த்தை சொல்லாமல் அதில் இறங்கிப் படுத்துவிட்டது. பயணிகள் கொம்பின் மேல் ஏறிக்கொண்டார்கள். பூங்காவனம் கண்டக்டரிடம் போய், பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு வந்த கதையைச் சொல்லி, கொஞ்சம் கிளப்பச் சொன்னாள். துரைக்கண்ணுவுக்கும் மனசு சங்கடமாகத்தான் இருந்தது.

"இது அதுக்கு டீ குடிக்கிற நேரம்மா. நான் கத்தினா இன்னும் ஒரு டீ குடிக்கும்" என்றான்.

எருமை டீ குடித்து முடித்து மூணு பனைக்கு வந்தபோது, செவலைக் காளை கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு கிளம்ப நின்றது. அன்றைக்கு அதுதான் கடைசி. பூங்காவனம் எருமை நிற்பதற்குள் குதித்து ஓடினாள். துரைக்கண்ணு விசிலடித்து எருமையைத் திருப்பினான். குன்றிமணியை அவள் கேட்கவில்லை, இவன் கொடுக்கவில்லை.

மாசிலாமணி சீட்டை வாங்கி முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான், வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தான். ஓட்டை வழியே ஒரு பொட்டு வெளிச்சம் அவன் மூக்கில் விழுந்தது.

"இது முடிஞ்ச சீட்டு."

"இல்லைங்க, பாதிதான் கிழிச்சிருக்கு. மாத்துச் சீட்டுங்க அது."

"ஓட்டை இருக்குல்ல? எவனோ இறங்கிப் போட்டுட்டுப் போனதைப் பொறுக்கிட்டு வந்திருக்கே."

"சில்லறைக்குப் போட்ட ஓட்டைங்க. எருமைக் கண்டக்டர் ஒரு குன்றிமணி எனக்குத் தரணும்."

"அது உனக்கும் அவனுக்கும் உள்ள வழக்கு. இங்கேருந்து சித்தேரிக்கு ஒரு குன்றிமணி. வச்சுட்டு ஏறு" என்று இலையைத் திருப்பி நீட்டினான்.

அந்த ஒரு குன்றிமணி அப்போது துரைக்கண்ணுவின் பேரில் ஆலமரத்தடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பூங்காவனம் கட்டுப் போட்ட இறக்கையைக் காட்டினாள். குஞ்சுகளைப் பற்றிச் சொன்னாள். வெள்ளத்தைப் பற்றித் தவளையையே சாட்சிக்குக் கூப்பிட்டாள். தவளை, அதற்குள் மாத்துச் சீட்டைக் காட்டிக் காளையின் திமில் பக்கம் நல்ல இடம் பிடித்துவிட்டதால், கேட்காத மாதிரி இருந்தது.

மாசிலாமணி சிரித்தான். "இறக்கை ஒடிஞ்ச மாதிரி தரையில இழுத்துக்கிட்டுப் போய் நரியவே ஏமாத்துற கூட்டம் நீங்க. நாரு வேற கட்டிட்டு வந்திருக்கே, என்கிட்ட?"

அது உண்மைதான், அந்தக் குலம் அப்படி நடிக்கும். குஞ்சுகள் பக்கம் எதிரி போகாமலிருக்க, ஒடிந்த இறக்கை மாதிரி இழுத்து, தன் பின்னால் வர வைக்கும். பிள்ளைகளுக்காக ஆடிய ஆட்டம் ஊரெல்லாம் தெரிந்துபோனதால், அன்று அவளுடைய நிஜக் காயத்தை ஒருவரும் நம்பவில்லை.

ஒரு கிழட்டுக் கோழி மட்டும், "ஏத்திக்கிட்டுத்தான் போயேன் தம்பி, அது என்ன கனமா கனக்கப்போகுது" என்றது.

"அப்ப நீங்க ஒரு குன்றிமணி குடுங்க ஆத்தா" என்றான் மாசிலாமணி. கோழி வானத்தைப் பார்க்க ஆரம்பித்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் வானத்தைப் பார்த்தார்கள். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

காளை நகர்ந்தது. பூங்காவனம் பின்னால் ஓடினாள். "சீட்டிருக்கு" என்று ஒரு தரம் சொன்னாள். கொஞ்சம் தள்ளி, உரக்க, "சீட்டிருக்கு, சீட்டிருக்கு" என்றாள். மணிச் சத்தத்தில் அது காளைக்குக் கேட்கவில்லை. புழுதி அடங்கியபோது ரோட்டில் அவள் மட்டும் இருந்தாள். ஓடுவதும், நிற்பதும், திரும்ப ஓடுவதுமாக, கட்டு அவிழாமல் ஒரு பக்கம் சாய்ந்து போனாள். எதிரே வந்த ஆட்டுக்கும் நாய்க்கும் கட்டிலிருந்து இலையை எடுத்துக் காட்டினாள். அவர்கள் என்ன செய்வார்கள் பாவம்.

காளை சித்தேரிக் கரையில் போய் நின்றபோது தண்ணீர் இன்னும் கால்வாயில்தான் இருந்தது. தவளைக் குடும்பம் அரை நாழிகை காத்திருந்து வெள்ளத்தை வரவேற்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூங்காவனம் கரையேறியபோது சூரியன் மறைந்துகொண்டிருந்தது. ஏரி விளிம்பு வரைக்கும் சிவப்பாகக் கிடந்தது. எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு மேலே தண்ணீர் அமைதியாக நின்றது. அவள் "எழுந்திரு" என்று சொன்னாள். நாலும் காலையில் சொன்ன சொல் தட்டாத பிள்ளைகள்.

துரைக்கண்ணுவுக்குக் கூட்டில் போய் உட்கார்ந்த பிறகுதான் இறக்கைக்கடியில் சேர்ந்த சில்லறையில் அவளுக்குத் தர வேண்டிய குன்றிமணி உறுத்தியது. விடிந்ததும் பறந்து வந்தான். கரையில் நின்றவளுக்கு முன்னால் குன்றிமணியை வைத்தான். "மீதி" என்றான். அவள் அதைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்து, "சீட்டிருக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவள் வாயில் வேறு வார்த்தையே வரவில்லை.

அவன் நேரே மந்தாரை மரத்துக்குப் போனான். எதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவன், அன்று மட்டும் தண்ணீர் குடிக்கக்கூட நிற்காமல், மரத்திலிருந்த அத்தனை இலையையும் நுனியிலிருந்து பாதி வரை கிழித்தான். யார் எந்த இலையைப் பறித்தாலும் அது மாத்துச் சீட்டாகவே இருக்கட்டும், யாரும் யாரையும் இறக்கிவிட வேண்டாம் என்று அழுதுகொண்டே கிழித்தான். மரத்துக்கு அவன் அழுகை புரிந்துவிட்டது. அடுத்த துளிரை அதுவே பிளந்து விட்டது.

மாசிலாமணியோ, விதிப்படிதானே செய்தேன் என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டு மாட்டுக்குப் பக்கத்தில் நடந்தான். இன்றும் அப்படித்தான் நடக்கிறான். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை.

அன்று முதல்தான் மந்தாரை இலை பாதி கிழிந்தே பிறக்கிறது. கரிச்சான் எருமை முதுகில் உட்கார்ந்து யாரையோ தேடுகிறான். பூங்காவனத்தின் வம்சம் எந்த முதுகிலும் எந்தக் கிளையிலும் உட்காராமல் நடந்தே திரிகிறது. ஏரிப் பக்கம் யார் போனாலும் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கிறது என்று நினைத்து அதற்கு ஆட்காட்டி என்று நாம் பெயர் வைத்துவிட்டோம். அது ஆளைக் காட்டவில்லை ஐயா, சீட்டைக் காட்டுகிறது. காது கொடுத்துக் கேளுங்கள்: சீட்டிருக்கு, சீட்டிருக்கு.

ஒரே ஒரு வேண்டுதல். இதை யார் சொன்னது என்று எவரிடமும் மூச்சு விடாதீர்கள். என் வீட்டு முருங்கையில் ஒரு மைனா குடியிருக்கிறது. மாசிலாமணியின் பேரனுக்குப் பேரன் என்று நினைக்கிறேன். நான் வெளியே கிளம்பும்போதெல்லாம் என் சட்டைப் பையையே மூன்று தரம் பார்க்கிறது.