ராட்டின வண்டிக்கு எர்த் இல்லை

சங்ககிரி லாரிப் பேட்டையில் ஒரு குருவும் சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு ஐம்பத்தைந்து.

குரு நசீமா. லாரியோ டிராக்டரோ டிரெய்லரோ, லைட்டும் வயரிங்கும் அவர் கைக்கு அடங்கிவிடும். சீடர் குழந்தைவேலு இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். முழங்கால் மக்கர் பண்ணியதும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டார். அவர் நசீமாவை ‘வாத்தியாரே’ என்பார். நசீமா அவரை ‘அண்ணா’ என்பார். பேட்டையில் யாருக்கும் இது வேடிக்கையாகப் படவில்லை.

தொழில் பழகி மூன்று வருஷம் ஆயிற்று. சொந்தமாகப் பட்டறை வைத்து ஒரு போர்டு மாட்டிவிட வேண்டும் என்று குழந்தைவேலுவுக்குக் கொள்ளை ஆசை. ஒருநாள் கேட்டே விட்டார்.

“நான் எப்பத்தானுங்க தனியாப் போர்டு மாட்டறது, வாத்தியாரே?”

“அடுத்து வர்ற வண்டிய நீங்களே பாருங்க. நான் கை வைக்க மாட்டேன். அப்புறம் சொல்றேன்.”

அடுத்து வந்தது பூவாத்தாளின் ராட்டின வண்டி. முன்னால் டிராக்டர், பின்னால் டிரெய்லர், அதன்மேல் கழற்றி அடுக்கிய ராட்டினம். சாயங்காலம் கிளம்பினால்தான் மறுநாள் திருவிழாவில் ராட்டினம் சுற்றும். ஆனால் பின்பக்க லைட் ஒழுங்காக எரியாமல் வண்டியை ரோட்டில் ஏற்றுவதில்லை என்று பூவாத்தாள் கறாராகச் சொல்லிவிட்டாள். போன வருஷம் ஒருவன் பைக்கில் பின்னால் வந்து மோதப் பார்த்த பயம் அவளுக்கு இன்னும் தெளியவில்லை.

குழந்தைவேலு உள்ளுக்குள் குதித்தார். அது அவருக்குத் தெரிந்த வண்டி. சீசனுக்கு முன்னால் டிரெய்லருக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்ததே அவர்தான். நல்ல கிளிப்பச்சை. ஒரு போல்ட் விடாமல் கழற்றித் துடைத்து, ரெண்டு கோட்டிங். வண்டி புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

லைட்டுகள்தான் கோமாளித்தனம் பண்ணின. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது. இண்டிகேட்டரைப் போட்டால் டெயில் லைட்டும் கூடச் சேர்ந்து கண்ணடித்தது.

குழந்தைவேலு பல்பை மாற்றினார். “இப்பல்லாம் பல்பே சரியா வர்றதில்லீங்க அம்மிணி” என்றார். டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் பிளக்கை மாற்றினார். “உங்க டிரைவர் பிடுங்கற பிடுங்குக்கு எந்த பிளக் தாங்கும்?” என்று டிரைவரை ஒரு பிடி பிடித்தார். புதிதாக ஒரு வயர் இழுத்தார். “எலி கடிச்சிருக்குமுங்க” என்றார். மணி மூன்றாயிற்று. டெயில் லைட் அவரைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டு நசீமாவிடம் போனார்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க வாத்தியாரே. கரண்டு ஏனுங்க கண்ட பல்புக்குள்ள எல்லாம் போகுது?”

“டீ வாங்கிட்டு வாங்கண்ணா.”

முணுமுணுத்தபடி தூக்குவாளியோடு எதிர்க்கடைக்குப் போனார். திரும்பி வந்தால் பட்டறை கேட் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. தட்டினார், கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் பக்கத்து டயர்க் கடைக்குள் புகுந்தார். டயர் அடுக்கின் மேல் ஏறினார். “யோவ், யோவ்!” என்று கத்திய கடைக்காரரின் வெள்ளைச் சட்டையில் பாதி டீயைக் கொட்டிவிட்டு, பின்சந்து வழியாகப் பட்டறைக்குள் வந்து சேர்ந்தார்.

“ஏங்கண்ணா அந்தப் பக்கமா வர்றீங்க?” என்றார் நசீமா.

“கேட்டைப் பூட்டிப்போட்டீங்க. கிளம்பின எடத்துக்குத்தானுங்களே நான் திரும்பி வரோணும்? கிடைச்ச வழியில பூந்து வந்தேன்.”

“டயர்க் கடைக்காரர் பாவம்.”

“அவரு என்னங்க பண்ணுவாரு? எனக்குத் திரும்பி வர்ற வழி...”

குழந்தைவேலு தூக்குவாளியைக் கீழே வைத்தார். முழங்கால் ஞாபகமே இல்லாமல் டிரெய்லருக்கு அடியில் புகுந்தார்.

கரண்டு போவதற்கு நாலு வயர் உண்டு. பேட்டரிக்குத் திரும்பி வர எர்த் வயர் ஒன்றுதான். டிரெய்லரின் சட்டத்தில் இரும்போடு இரும்பு ஒட்டும்படி அதை ஒரு போல்ட்டில் முடுக்கியிருப்பார்கள். அந்தப் போல்ட்டையும் அவர் விட்டு வைக்கவில்லை. கழற்றி, அடியில் ரெண்டு கோட்டிங் அடித்து, பெயிண்டின் மேலேயே வயரை வைத்து முடுக்கியிருந்தார். பெயிண்ட் கரண்டை விடாது; திரும்பும் வழி அடைபட்ட கரண்டு கிடைத்த பல்புக்குள் எல்லாம் புகுந்து வந்திருக்கிறது.

ஆசை ஆசையாக அடித்த பச்சையை அவரே உப்புத்தாளால் சுரண்டினார். மனசு வலிக்கத்தான் செய்தது. இரும்பு தெரிந்ததும் வயரை வைத்து முடுக்கினார். டிரைவர் பிரேக்கை மிதித்தார். பிரேக் லைட் மட்டும் எரிந்தது. இடது இண்டிகேட்டர் போட்டார். இடது மட்டும் எரிந்தது. பூவாத்தாள் கை தட்டிச் சிரித்தாள்.

“அப்படி என்னங்ணா கோளாறு?” என்று கேட்டாள்.

நசீமா காது கேட்கும் தூரத்தில்தான் நின்றிருந்தார். பல்பு என்று சொல்லிவிடலாம். எலி என்று சொன்னாலும் எலி வந்து மறுக்கப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் போர்டு போய்விடும்.

“நாந்தானுங்க அம்மிணி கோளாறு. எர்த் போல்ட்டுக்கு அடியில பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தேன். பல்பு நல்ல பல்பு. உங்க டிரைவரும் தங்கமான ஆளு. சும்மா கெடந்தவரைத் திட்டிப்போட்டேன்.”

டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். ராட்டினம் பேட்டையைத் தாண்டி மெயின் ரோட்டில் திரும்பும் வரை குழந்தைவேலு பார்த்துக்கொண்டு நின்றார்.

“கோட்டை விட்டுட்டேனுங்க வாத்தியாரே. இன்னும் எத்தனை வருஷம் ஆகுமுங்க?”

நசீமா ஆறிப்போன மிச்ச டீயை ஊற்றிக் குடித்தார்.

“போர்டு எழுதறவரை நாளைக்கு வரச் சொல்லுங்க.”

“என்னங்க இது! காலையில இருந்து ஊர்ல ஒருத்தரை விடாம பழி போட்டேனுங்களே?”

“எர்த் கிடைக்கற வரைக்கும் பழியும் அப்படித்தாங்கண்ணா சுத்தும்.”