உள்ளான் அடைத்த படகு

பறவையின் பேச்சு நண்டுக்கும், நண்டின் பேச்சு மரத்துக்கும் புரிந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், உள்ளான் கடற்கரையில் நிதானமாக நடக்கிற பறவையாகத்தான் இருந்தது. அலை வந்தால் காலை நனைத்துக்கொண்டு நிற்கும். அலை போனபின் மணலில் ஏதாவது நெளிந்தால் குனிந்து எடுத்துத் தின்னும். அதற்கு மேல் அதற்கு அவசரம் கிடையாது.

ஆனால் பங்குனி பிறந்துவிட்டால் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் இருப்புக்கொள்ளாது. வடக்கே, கோடையில் பொழுதே சாயாத ஒரு தேசம் இருந்தது. உள்ளான்களுக்கு முட்டை அங்கேதான் நிலைக்கும். இங்கே இட்டால் மணல் சூட்டில் வெந்துபோகும். சோழகம் என்கிற தென்காற்று எழுந்ததும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். நாள் நெருங்க நெருங்க இரை பிடிக்காது. ஒற்றைக் காலில் நின்று கண்ணயரவும் முடியாது. மார்புக்குள் கயிற்றைக் கட்டி யாரோ வடக்கேயிருந்து இழுப்பதுபோல இருக்கும்.

முகத்துவாரத்துக்குத் தெற்கே ஒரு தாழம்புதருக்குள் குடியிருந்த உள்ளான் ஒருவனுக்கு அந்த வருஷம் இந்த இழுப்பைத் தாங்க முடியவில்லை. காரணம் அவன் மனைவி சாம்பி. தை மாதத்தில் வல்லூறு துரத்தியதில் அவளுடைய இடது சிறகு ஒடிந்துவிட்டது. எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. புதரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தத்திப் போவாள், அவ்வளவுதான்.

கூட்டத்தின் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். பறக்க முடியாதவர் தங்கிவிட வேண்டும். முடிந்தவர் போகலாம், போகிறவரை யாரும் குறை சொல்வதில்லை. சாம்பியும் அதையேதான் சொன்னாள். அவன் போய்விட்டு ஐப்பசியில் வந்தால் போதும், அதற்குள் தான் எங்கும் பறந்துவிடப் போவதில்லை என்றாள். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சிரிப்பை அவனால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அவன் வீட்டு வாசலில் படகு கட்டத் தொடங்கினான்.

தாழை வேர்களுக்கு நடுவே கொஞ்சம் மணல்வெளி இருந்தது. அங்கேதான் வேலை. புயலில் விழுந்துகிடந்த பூவரசங்கிளையை மரங்கொத்தி பலகை பலகையாகப் பிளந்து கொடுத்தது. அவன் ஓரங்களில் அலகால் துளையிட்டு, தேங்காய் நாரைத் திரித்துப் பலகையோடு பலகையைச் சேர்த்துத் தைத்தான். அந்தக் கரையில் ஆணி என்ற ஒன்றை யாரும் கண்டதில்லை. தையல் தாங்கினால் படகு தாங்கும். பாய்க்குக் காய்ந்த தாழை மடல் கிடைத்தது.

பக்கத்து வளையிலிருந்த நண்டு வேடிக்கை பார்க்க வந்தது. அப்புறம் போகவே இல்லை.

"என்ன மச்சான், படகா தொட்டிலா?"

"வடக்கே போனதும் தொட்டில்."

"முட்டையே இல்ல, அதுக்குள்ள தொட்டிலா? நல்ல குடும்பம்," என்று நண்டு சாம்பியைப் பார்த்துச் சொன்னது. சாம்பி நாரைத் திரித்துக்கொண்டே, கால் பத்து இருந்தும் ஒரே வளையைச் சுற்றிக்கொண்டிருப்பவர்கள் பேசக்கூடாது என்றாள்.

அதற்குள் முதல் கூட்டம் கிளம்பிப் போய்விட்டது.

படகு ஒரு உருவத்துக்கு வந்ததும் உப்பங்கழியில் இறக்கினான். சாம்பி ஏறி உட்கார்ந்தாள். பொருத்துக்குப் பொருத்து தண்ணீர் கசிந்து அவள் விரல்களை நனைத்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து, அவள் அவசரமில்லாமல் சொன்னாள்.

"படகை வெளிய எடுக்காதீங்க. காஞ்ச பலகை. ரெண்டு நாள் கெடந்து தண்ணி குடிக்கட்டும். பலகை உப்பினா இடுக்கு தானா மூடிக்கும்."

எல்லோரும் அப்படித்தான் ஊறப்போடுவார்கள் என்று நண்டும் சொன்னது. அவனுக்கும் தெரியாத விஷயமில்லை. ஊறட்டும் என்று ஒப்புக்கொண்டு, படகைத் தாழை வேரில் கட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்தான். எழுந்தான். படகுக்குள் எட்டிப் பார்த்தான். தண்ணீர் இருந்தது. மறுபடி உட்கார்ந்தான். உச்சிப்பொழுதுக்கு முன்னால் இன்னொரு கூட்டம் தலைக்கு மேலே கூவிக்கொண்டு போயிற்று. அவர்களுடைய நிழல் கழியைக் கடந்து, படகைக் கடந்து வடக்கே போனது. எட்டிப் பார்த்தான். தண்ணீர் இன்னும் இருந்தது.

படகை இழுத்து வெயிலில் கவிழ்த்துவிட்டான்.

இலவங்காய் வெடிக்கிற பருவம். பஞ்சு பொறுக்கி வந்து, புன்னை எண்ணெயில் தோய்த்து, இடுக்குகளில் அலகால் குத்திக் குத்தி ஏற்றினான். ஒரு பொருத்து அடைந்தது என்று நகர்ந்தால், அதற்கு முந்தியது வாயைத் திறந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் ஏற்றுவான். பலகைகள் எலும்பாகக் காய்ந்தன. இடுக்குகளில் பஞ்சு கல்லாக இறுகியது. நண்டு தன் கொடுக்கின் நுனியை ஒரு பொருத்தில் வைத்து அழுத்திப் பார்த்தது. நுழையவில்லை.

"காத்துகூடப் போகாது மச்சான். நாளைக்குப் பலகை தண்ணியைக் குடிச்சு உப்புச்சுன்னா, எங்க போய் உப்பும்?"

அவன் பஞ்சைத் தேடிப் போய்விட்டான்.

கடைசிக் கூட்டம் கிளம்புகிற காலையில் படகை இறக்கினான். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. அவன் நண்டைத் திரும்பிப் பார்த்தான். நண்டு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டது. தென்காற்று மடலைப் பிடித்தது. முகத்துவாரத்தைத் தாண்டி, அலை மடிகிற இடத்தையும் தாண்டி, படகு திறந்த கடலுக்கு வந்தது. மேலே கூட்டம் பறந்துகொண்டிருந்தது.

வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்த சாம்பி, காற்று மார்பில் பட்டதும் தன்னையறியாமல் சிறகுகளை விரித்தாள். கோணல் சிறகும் விரிந்தது.

"நாலு முட்டை இடுவேன்," என்றாள்.

தங்கிவிடுகிறேன் என்று அவள் சொன்னதெல்லாம் அவனுக்காகச் சொன்னது என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவன் இன்னும் கவனமாகப் பொருத்துகளைப் பார்க்கத் தொடங்கினான்.

கரை ஒரு கோடாகத் தெரிந்தபோது படகின் அடியில் ஒரு முனகல் கேட்டது. மெல்லிய சத்தம். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். கசிகிறது என்று முடிவு செய்தான். பஞ்சு தீர்ந்திருந்தது. தன் மார்புத் தூவியை ஒரு கொத்துப் பிடுங்கிச் சத்தம் வந்த பொருத்தில் ஏற்றினான். முனகல் பெரிதாயிற்று. இன்னொரு கொத்து பிடுங்கினான்.

"வேணாங்க," என்றாள் சாம்பி. "அது தண்ணி வர்ற சத்தமில்ல. பலகை உப்புது. தையல் இழுபடுது. விட்டுடுங்க."

அவனுக்குத் தண்ணீரின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அலகை ஓங்கிக் குத்தினான்.

முதல் தையல் அறுந்தது. பிறகு அவன் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒன்று விட்டதும் பக்கத்துத் தையல் விட்டது, அதற்குப் பக்கத்ததும் விட்டது. ஒவ்வொரு பலகையும் தனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொண்டு விலகியது. படகு இருந்த இடத்தில் கொஞ்சம் மரமும் பஞ்சும் மிதந்தன. சாம்பி ஒரு பலகையைக் கால்களால் பற்றிக்கொண்டிருந்தாள். அவன் அவளுக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்தான். இறங்கினால் பலகை தாங்காது. உயரே போன கூட்டம் ஒருமுறை கூவியது. நிற்கவில்லை.

வெயில் சாய்வதற்குள் அலை அவளைக் கரையில் கொண்டுவந்து போட்டது. எழுந்து உதறிக்கொண்டாள். வானத்தைப் பார்த்தாள். வடக்கே கூட்டம் கண்ணுக்கு மறைந்திருந்தது.

"போங்க. இப்பக் கிளம்பினாலும் பிடிச்சிடலாம்."

அவன் அவள் பக்கத்தில் இறங்கினான். சிறகை மடக்கிக்கொண்டான். போகவில்லை.

ஆனால் நிற்கவும் முடியவில்லை. அவன் கால் வைத்த இடத்தில் ஈரமணல் அமுங்கி, விரல்களைச் சுற்றித் தண்ணீர் ஊறியது. குனிந்து பார்த்தான். அலகால் குத்தினான். ஓரடி நகர்ந்தான். அங்கும் ஊறியது. அங்கும் குத்தினான். அலை ஏறி வந்தபோது அதற்கு முன்னால் ஓடினான். இறங்கியபோது அதன் பின்னாலேயே ஓடி, அது நனைத்துவிட்டுப் போன இடத்தையெல்லாம் விடாமல் குத்தினான்.

"என்ன பண்றீங்க?"

"கசியுது."

"இது கரைங்க. படகு இல்ல."

"கசியுதே," என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடினான்.

சாம்பி தத்தித் தத்திப் பக்கத்தில் போய், அவன் விட்டுவிட்டுப் போன ஓரிடத்தில் தன் அலகை வைத்துக் குத்தினாள். ஒரு புழு வந்தது. அதைத் தின்றுவிட்டு அடுத்த இடத்தைக் குத்தினாள்.

உள்ளான்கள் ஓரிடத்தில் நிற்காமல், அலைக்கு முன்னும் பின்னும் ஓடி ஓடி ஈரமணலைக் குத்திக்கொண்டே இருப்பது அன்று முதல்தான். சித்திரை கழிந்து கூட்டமெல்லாம் வடக்கே போனபின்னும், அவற்றில் ஒன்றிரண்டு மட்டும் கரையிலேயே தங்கிவிடுவதும் அன்று முதல்தான்.