தயிர்க்குடத்தில் தேடிய யானை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்யத்தில் பட்டத்து யானை காணாமல் போயிற்று. ராஜ்யத்தின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரும், சொல்லாமல் விடுகிறேன். யானையைத் தொலைத்தவன் குடத்துக்குள் கைவிட்டுத் தேடினானாம் என்று பழமொழி உண்டல்லவா? அந்த ஊரில் அதைச் சட்டமாகவே போட்டார்கள்.

"யானை வரும்வரை பல்லக்கில் ஏறமாட்டேன், காலால் நடக்கவும் மாட்டேன்!" என்று ராஜா சபதம் செய்தார். சாப்பிடமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஊர்க்காவலின் தலைவரான கொத்தவால் உக்கிரசேனர் எழுந்து வணங்கினார். "மகாராஜா! யாரையும், எங்கேயும் நிறுத்திச் சோதிக்க அடியேனுக்கு அதிகாரம் வேண்டும். சோதனைக்கு மறுப்பவனே திருடன்."

ராஜா யோசிக்காமல் முத்திரை வைத்தார். யோசிக்கிற ராஜாவாக இருந்தால் கதை ஏது?

அன்று முதல் வேகமாக நடந்தவனை "ஏன் ஓடுகிறாய்?" என்று பிடித்தார்கள்; மெதுவாக நடந்தவனை "ஏன் பதுங்குகிறாய்?" என்று பிடித்தார்கள். வைத்தியரின் சூரணப் பையைக் கொட்டினார்கள். செட்டியாரின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே யானை இல்லை, வெற்றிலைதான் இருந்தது. அதையும் மென்றுவிட்டார்கள்.

கோட்டை வாசலில் தயிர் விற்கும் காத்தாயியின் குடத்துக்குள் ஒரு காவலன் கைவிடப் போனான். அவள் குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"நீ கைய விட்ட தயிர எவ வாங்குவா? உள்ள ஆனை இருந்தா தயிரு வழிஞ்சிருக்காதா? கண்ணத் தொறந்து பாருய்யா!"

கேள்வி நியாயமானது. அதனால்தான் அவளையும் குடத்தையும் சிறையில் வைத்தார்கள். மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் ஊரைவிட்டே துரத்துவது என்று தீர்ப்பு. கறக்க ஆளில்லாமல் அவள் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன.

அரண்மனை விகடகவி இடும்பனுக்கு இது பொறுக்கவில்லை. அவன் தொந்தியில் பாதி காத்தாயியின் தயிரால் வளர்ந்தது. சபையில் அவளுக்காகப் பேசினான். ராஜா அவன் பேச்சுக்குச் சிரிப்பதைப் பல வருஷமாகப் பார்த்து வயிறெரிந்த கொத்தவால், இதுதான் சமயம் என்று குறுக்கிட்டார்.

"திருடிக்குப் பரிந்து பேசுகிறவனே நாளை உச்சிக்குள் யானையைக் காட்டட்டும். தவறினால் அவளோடு அவனும் வெளியேறட்டும்."

"சம்மதம். கொத்தவாலுக்கு உள்ள அதிகாரம் எனக்கும் உண்டா, மகாராஜா?"

"உண்டு" என்றார் ராஜா.

இடும்பன் நேரே சிறைக்குப் போனான். காத்தாயியோடு ஒரு நாழிகை பேசினான். பக்கத்து அறைக் கைதியோடும் பேசினான். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் ராஜா உணவுக்கு உட்கார்ந்தார். தங்கக் கிண்ணத்தில் பாயசம் வந்தது. புழுதிக் காலும் வியர்த்த கையுமாக உள்ளே வந்த இடும்பன், மணிக்கட்டு வரை பாயசத்துக்குள் கையை விட்டுத் துழாவினான்.

"அடே! என்ன செய்கிறாய்?"

"யானையைத் தேடுகிறேன், மகாராஜா."

"பாயசத்திலா? கையை எடு!"

"தயிரில் இருக்கலாம் என்றால் பாயசத்தில் இருக்கக் கூடாதா? யானைக்கு வெல்லம் பிடிக்கும். தாங்களோ சோதனைக்கு மறுக்கிறீர்கள். மறுப்பவர் யார் என்று தங்கள் ஆணையே சொல்கிறது."

ராஜா கிண்ணத்தைப் பார்த்தார். "இதை இனி நான் எப்படிச் சாப்பிடுவது?"

"அதைத்தான் காத்தாயியும் கேட்டாள்."

ராஜாவின் முகம் சுருங்கியது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. பக்கத்தில் நின்ற கொத்தவால் விடவில்லை. "உச்சிப்பொழுது ஆயிற்று! யானை எங்கே?"

"தங்கள் வீட்டுக் கரும்புத் தோட்டத்தில்."

"என்ன அக்கிரமம்! காரணம் காட்டாமல் என் வீட்டுக்குள் எவன் கால் வைப்பது?"

"ஆகா! மூன்று நாளாக ஊரே சொன்னதைத் தாங்கள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள்" என்றான் இடும்பன். "காரணம் இருக்கிறது. தங்கள் தோட்டக்காரன் மாசாணம், யானை வேலியை முறித்துப் புகுந்ததைக் கண்ணால் கண்டான். தங்களிடம் சொல்ல ஓடி வந்தான். ஓடியதால் சந்தேகப்பட்டுத் தங்கள் ஆட்களே அவனைச் சிறையில் போட்டார்கள். காத்தாயிக்குப் பக்கத்து அறை. 'ஆனை, ஆனை' என்று கத்துகிறான். அவன் மடியைச் சோதித்தார்களே தவிர, அவன் பேச்சை யாரும் கேட்கவில்லை."

ராஜா மாசாணத்தை வரவழைத்து விசாரித்தார். தேட வேண்டிய இடம், பொருள், சாட்சி மூன்றையும் ஓலையில் எழுதி ஆளனுப்பினார். பாதித் தோட்டத்தைத் தின்று முடித்த யானை, வர மனமில்லாமல் வந்தது.

ராஜா விலா நோகச் சிரித்தார். சிறையைத் திறந்துவிட்டார். இனி இப்படியொரு ஓலை இல்லாமல் எவர் மடியிலும் குடத்திலும் கை வைக்கக் கூடாது என்று ஆணையிட்டார். சிறையில் புளித்துக் கிடந்த தயிர் முழுவதையும் கொத்தவால் அங்கேயே குடித்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. பிறகு ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி இடும்பன் கழுத்தில் போட்டார்.

இடும்பன் மாலையைத் தொட்டுப் பார்த்தான், நகரவில்லை.

"இன்னும் என்ன வேண்டும்?"

"இதைத் தாங்கள்தான் கொடுத்தீர்கள் என்று ஒரு ஓலை, மகாராஜா. புது ஆணை கோட்டை வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேனே!"

ராஜா சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். வாசலில் அது இரண்டு முறை தேவைப்பட்டது.